அடுத்த கழிவறை எங்கே?

காலை ஏழே காலுக்குச் சுங்கை வேயிலிருந்து கோலாலம்பூர் பக்கம் காரை எடுப்பவர்களுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டுவதற்குள் வானொலியில் ஏழெட்டுப் பாட்டுகள் ஓடிவிடும். பலருக்கு அது எரிச்சல். சிலருக்கு அது பயம். முன்னால் நிற்கும் லாரியை அவர்கள் பார்ப்பதே இல்லை. அடுத்த பெட்ரோல் நிலையம் எத்தனை நிமிடத்தில் வரும், அங்கே கழிவறை திறந்திருக்குமா, சாவியைக் கவுண்டரில் கேட்டு வாங்க வேண்டுமா, இந்தத் தடத்திலிருந்து இடது ஓரத்துக்கு ஒதுங்க வழி விடுவார்களா என்று மனத்துக்குள் ஒரு வரைபடம் ஓடிக்கொண்டே இருக்கும். வயிற்றில் ஒரு முறுக்கு வந்தால் போதும், ஸ்டீயரிங் பிடித்த கை வேர்த்துவிடும்.

அந்த வரைபடத்தோடு வாழ்கிறவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும்தான் இந்த வாரக் கட்டுரை. பசியாறிக்கொண்டே படிப்பவர்கள் வேண்டுமானால் முடித்துவிட்டு வாருங்கள்.

மருத்துவர்கள் இதை ஐ.பி.எஸ். என்பார்கள். தமிழில் ‘எரிச்சல் குடல் நோய்’ என்று எழுதுகிறார்கள். வயிற்றில் வலி அல்லது பிசைவு, அதோடு வெளிக்குப் போகும் பழக்கத்தில் மாற்றம். சிலருக்குப் போய்க்கொண்டே இருக்கும். சிலருக்கு நான்கு நாளானாலும் போகாது. சிலருக்கு இந்த வாரம் அது, அடுத்த வாரம் இது. உலகம் முழுவதும் மருத்துவர்கள் பின்பற்றும் ‘ரோம் 4’ என்ற அளவுகோல் 2016-இல் வந்தது. அதன்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி வெளிக்குப் போவதோடு தொடர்புடையது, போகும் தடவைகள் மாறியிருக்கின்றன, மலத்தின் தன்மை மாறியிருக்கிறது என்ற மூன்றில் இரண்டாவது பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால் புண் இருக்காது, கட்டி இருக்காது. ஆனால் வலி இருக்கும். ‘ஒன்றும் இல்லை’ என்று அறிக்கை வந்த பிறகும் வலிப்பதுதான் இந்த நோயின் பெரிய அவமானம்.

எனக்கும் இது உண்டு. ஒன்பதாவது வருடம் ஓடுகிறது. நேரலை நிகழ்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு பாட்டு என்பது சராசரியாக நான்கு நிமிடம். ஸ்டூடியோவிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி, எந்தப் பாட்டு ஐந்தரை நிமிடம் ஓடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்ட நீளமான பழைய பாடல் சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே ஒலித்திருந்தால் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இது ஏதோ அபூர்வமான நோயும் இல்லை. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அவர்களில் 15.8 விழுக்காட்டினருக்கு இதன் அறிகுறிகள் இருந்தன. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 33 நாடுகளில் 73,000-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ரோம் அறக்கட்டளையின் ஆய்வு 2021-இல் வந்தது. அதில் அளவுகோல் கடுமையானது என்பதால் ஐ.பி.எஸ். மட்டும் 4 விழுக்காட்டை ஒட்டி நின்றது. ஆனால் குடலும் மூளையும் ஒத்துப்போகாததால் வரும் ஏதாவது ஒரு கோளாறு 40 விழுக்காட்டினருக்கு இருந்தது. அப்படியென்றால் உங்கள் எல்.ஆர்.டி. பெட்டியில், உங்கள் அலுவலக மாடியில், உங்கள் கோயில் அன்னதான வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நீங்கள் மட்டும் இல்லை. யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. நம் பாட்டிமார் இதில் இவ்வளவு கூச்சப்பட்டதில்லை. தோட்டத்து லயத்தில் பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அன்றைக்கு யாருக்கு எத்தனை முறை போனது என்பது லயம் முழுக்கத் தெரியும். கழிவறையே பொதுவாக இருந்த காலத்தில் மறைக்க என்ன இருக்கிறது? நாம் அடுக்குமாடிக்கு வந்தோம், அறையோடு சேர்ந்த குளியலறை வந்தது, பேச்சும் அதற்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. வானொலியில் மாரடைப்பு, சர்க்கரை, சிறுநீரகம் என்று மணிக்கணக்கில் பேசலாம். மலச்சிக்கல் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறுஞ்செய்தியில் சிரிப்பு முகங்கள் வந்து குவியும்.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை. கல்யாணமாகி ஆறு மாதம் ஆன ஒரு பெண் விருந்தில் ‘வயிறு சரியில்லை, எனக்கு வேண்டாம் அத்தை’ என்று சொல்லிப் பார்க்கட்டும். அத்தையின் கண்ணில் ஒரு மின்னல் தெரியும். ‘என்னம்மா, ஏதும் விசேஷமா?’ இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி அதைவிட மோசமானது. அதனால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாழையிலையில் வைத்ததைச் சாப்பிடுவாள். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் பலருக்கு இந்தத் தொல்லை கூடும் என்பதையும் அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

சுங்கை வேயைக் கருத்தில் வைத்து இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. 1972-இல் இங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து நம் அக்காமார், அத்தைமார் எத்தனையோ பேர் மின்னணுத் தொழிற்சாலை லைனில் நின்றவர்கள். லைனில் நிற்பவருக்குக் கழிவறை என்பது நினைத்தபோது போகிற இடம் இல்லை. கோல லங்காட் வட்டாரத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி 1987-இல் நூல் எழுதிய மானுடவியலாளர் ஐவா ஓங், கழிவறைக்குப் போகவும் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். இன்றைக்கு நிலைமை இடத்துக்கு இடம் மாறுபடும். ஆனால் இரவு ஏழு மணிக்கு உள்ளே போய்க் காலை ஏழு மணிக்கு வெளியே வருகிற ஒருவரின் குடல் எந்த நேரத்தைக் காலை என்று எடுத்துக்கொள்ளும்? மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் தாதியரிடம் நடந்த ஆய்வுகளில், பகலில் மட்டும் வேலை செய்பவர்களைவிட அவர்களுக்கு ஐ.பி.எஸ். அதிகம் காணப்பட்டது. குடலுக்கும் கடிகாரம் உண்டு. அதைக் கலைத்தால் அது சும்மா இருப்பதில்லை.

சரி, இது எங்கிருந்துதான் வருகிறது? ஒரே காரணம் கிடையாது. குடலுக்கென்றே ஒரு பெரிய நரம்பு வலை இருக்கிறது. அது மூளையோடு இரு வழியாகவும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அந்தப் பேச்சில் ஒலியளவு கூடிப்போயிருக்கும். மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத சின்ன வாயு நகர்வு நமக்கு வலியாகக் கேட்கும். சிலருக்கு இது ஒரு கிருமித் தொற்றுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. கெட்டுப்போன உணவால் கடுமையாக வயிற்றுப்போக்கு வந்து தேறியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பின்னால் ஐ.பி.எஸ். தங்கிவிடுகிறது. கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்தது. எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அன்று நோயுற்றவர்களிடம் இது கூடுதலாகவே இருந்தது. நம் நாட்டிலும் 2014 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு கிளந்தான் மக்களிடம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்து 2017-இல் எழுதினார்கள். ஆகவே ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று சொல்கிற உறவினரை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் மனத்துக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேர்வுக்கு முன்னால் வயிறு கலங்குவது எல்லாருக்கும் தெரியும். ஐ.பி.எஸ். உள்ளவருக்கு அந்தக் கலக்கமே தேர்வாகிவிடுகிறது. ‘ரயிலில் வந்துவிட்டால் என்ன செய்வது’ என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு குடலை முடுக்குகிறது. முறுக்கு வருகிறது. ‘பார்த்தாயா, வந்துவிட்டது’ என்று மனம் சொல்கிறது. அடுத்த முறை ரயிலை நினைத்தாலே வயிறு பிசைகிறது. கொஞ்ச நாளில் ரயிலை விட்டுவிடுகிறோம். பிறகு சினிமா, பிறகு விருந்து, பிறகு பினாங்குப் பயணம். வலியால் படுத்த நாட்களை எண்ணிப் பாருங்கள். வலி வந்துவிடுமோ என்று வீட்டில் தங்கிய நாட்களையும் எண்ணிப் பாருங்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் எப்போதும் அதிகம்.

இந்தக் கவலைக்குள் ஒரு பெரிய கவலை ஒளிந்திருக்கும். புற்றுநோய். நடுராத்திரியில் கைப்பேசியில் தேடி, எல்லா அறிகுறியும் தனக்குப் பொருந்துவதாகக் கண்டுபிடித்து, விடிய விடிய விழித்திருப்பவர்களை எனக்குத் தெரியும். இதில் தெளிவாக இருக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. ஐ.பி.எஸ். புற்றுநோயாக மாறாது, ஆயுளைக் குறைக்காது. அதே நேரம், குடல் தொல்லை எல்லாமே ஐ.பி.எஸ். ஆகிவிடாது. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, விடாத காய்ச்சல், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதை ஒட்டியோ தாண்டியோ முதல் முறையாகப் பழக்கம் மாறினாலும் அப்படித்தான். இருபது வயதிலிருந்தே எனக்கு ஐ.பி.எஸ். என்கிற பழைய கணக்கு இங்கே செல்லாது. மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை 50 வயதிலிருந்து 75 வரை உள்ளவர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் செய்கிறார்கள். அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வாகன நிறுத்தத்துக்கு அதைவிட அதிகமாகிவிடும்.

எச்சரிக்கை அறிகுறிகள் எதுவும் இல்லை, சாதாரண இரத்தப் பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன, மருத்துவர் ஐ.பி.எஸ். என்கிறார் என்றால் அங்கே நிறுத்திவிடுவது நல்லது. ஒரு கிளினிக் போதாதென்று இன்னொன்று, ஒரு ஸ்கேன் போதாதென்று மற்றொன்று என்று அலைகிறவர்களுக்கு ஒவ்வொரு நல்ல முடிவும் இரண்டு வாரம்தான் நிம்மதி தருகிறது. மூன்றாம் வாரம் சந்தேகம் மறுபடி தலைதூக்கும். பணமும் போகும்.

மருத்துவரிடம் போகும்போது ‘கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்’ என்று நெளிய வேண்டாம். 1997-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் அட்டவணை அது. ஒன்று என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக. மூன்றும் நான்கும் நல்ல நிலை. ஏழு என்றால் வெறும் தண்ணீர். ‘இந்த மாதம் பெரும்பாலும் ஆறு, நடுவில் நான்கு நாள் ஒன்று’ என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது, உங்களுக்கும் கூச்சம் மிச்சம். இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதுங்கள். வருடக்கணக்கில் எழுத ஆரம்பித்தால் அதுவே தனி நோயாகிவிடும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புதான். தினமும் காலையில் ஒருமுறை போயே ஆக வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். குடல் அதில் கையெழுத்துப் போடவில்லை.

இனிச் சாப்பாடு. இங்கேதான் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். காரத்தைக் குறை, உடம்புச் சூடு, மோர் குடி, ஓமத் தண்ணீர் குடி. எதிர்வீட்டு அக்கா விளக்கெண்ணெய் தடவிக் குடல் வழிக்கும் ஆளையே கூட்டிவருவார். ஓமமும் சுக்கும் இதமாக இருந்தால் குடியுங்கள், கெடுதல் இல்லை. குடல் வழிப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதிகாலையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக். கடைசி வாய் சாப்பிடும்போதே வயிறு கூப்பிடுகிறது. ‘சாப்பிட்டது அப்படியே போகிறது’ என்போம். அப்படிப் போக முடியாது. வாயிலிருந்து கடைசி வரை போய்ச் சேர உணவுக்குப் பொதுவாக ஒரு நாளிலிருந்து மூன்று நாள் பிடிக்கும். வயிற்றில் உணவு விழுந்ததும் ‘இடம் ஒதுக்கு’ என்று பெருங்குடலுக்கு ஒரு சமிக்ஞை போகிறது. காலையில் அது பலமாக இருக்கும். நமக்கு இன்னும் பலமாக இருக்கும். காப்பியும் கொழுப்பும் அதைத் தூண்டிவிடும். வெளியே வருவது நேற்றையதோ முந்தாநாளையதோ. இதைப் புரிந்துகொண்டால் ஒவ்வொரு வேளை உணவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நிற்கும். வேலைக்குக் கிளம்பும் கடைசி நிமிடத்தில் அவசரமாக விழுங்குவதற்குப் பதிலாக, முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், அந்தச் சமிக்ஞை வீட்டிலேயே முடிந்துவிடும். எனக்கு எந்த மருந்தையும்விட அதிகம் உதவியது இந்த முக்கால் மணி நேரம்தான்.

மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘ஃபோட்மேப்’ உணவுமுறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவு, சர்க்கரைப் பொருட்களைக் குறைப்பதுதான் அது. பட்டியலைப் பார்த்தால் நம் சமையலறையைப் பார்த்தே எழுதினது போல இருக்கும். வெங்காயம், பூண்டு, பருப்பு, கடலை, பால், கோதுமை, மாம்பழம், தர்பூசணி. ஒரு தமிழ் வீட்டில் வெங்காயமும் பூண்டும் பருப்பும் இல்லாமல் என்ன சமைப்பது என்று அம்மா கேட்பது நியாயம். நல்ல வேளையாகச் சோறு தொல்லை தராத பக்கம் இருக்கிறது. பூண்டிலும் வெங்காயத்திலும் தொல்லை தரும் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் பொரித்து, வாசம் இறங்கியதும் பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் ருசி வரும், தொல்லை வராது. ரசத்தில் கொதிக்கவிட்டுப் பிறகு பூண்டை எடுப்பதால் பயனில்லை, இறங்க வேண்டியது எல்லாம் ரசத்தில் இறங்கியிருக்கும். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி பரவாயில்லை. பெருங்காயம் கொஞ்சம் கை கொடுக்கும். பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கொஞ்சம் குறையும். தே தாரேக்குக்குப் பதில் தே ஓ. ஒரு வாரம் குடித்துப் பாருங்கள், பாலா அல்லது வேறெதுவோ என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த உணவுமுறை இரண்டிலிருந்து ஆறு வாரம் வரைக்கும்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது நமக்கு ஆகாது என்று கண்டுபிடிக்க வேண்டும். பலர் முதல் பாதியோடு நின்று, வாழ்நாள் முழுக்கச் சோறும் கேரட்டுமாக இருந்துவிடுகிறார்கள். போன மாதம் பால், இந்த மாதம் பருப்பு, அடுத்த மாதம் மீன் என்று விலக்கிக்கொண்டே போகிறவர் கடைசியில் மெலிந்து, இரத்தம் குறைந்து, வயிறு மட்டும் அப்படியே இருக்கக் காண்பார். உணவியல் நிபுணரின் துணை கிடைத்தால் தனியாகச் செய்யாதீர்கள். நார்ச்சத்து என்று சொன்னதும் கோதுமைத் தவிட்டை வாங்கிவருவார்கள். அது ஐ.பி.எஸ்.சை மோசமாக்கலாம். இசப்கோல் போலத் தண்ணீரில் கூழாகும் நார்தான் உதவும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து நிறையத் தண்ணீரோடு. மலச்சிக்கல் உள்ளவர்கள் உட்காரும் கழிவறையில் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுப் பாருங்கள்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் கறுப்புக் கரி மாத்திரை மற்ற மருந்துகளையும் உறிஞ்சிவிடும், அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. வயிற்றுப்போக்கு வகைக்காரர்கள் முக்கியமான நாளில் லோபெராமைட் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்கலாம். காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் கூடாது. வலிக்குக் குடல் தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் உண்டு, புதினா எண்ணெய்க் குளிகைகளும் உண்டு. இவை போதாதபோது மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைச் சிறிய அளவில் எழுதலாம். கைப்பேசியில் தேடினால் மனச்சோர்வு மருந்து என்று வரும். ‘என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாரா?’ என்று கோபித்துக்கொண்டு மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. கோபிக்க வேண்டாம். இங்கிலாந்தில் 463 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் ஐ.பி.எஸ். தொல்லையைக் குறைத்தது. குடலுக்கும் மூளைக்கும் நடக்கும் பேச்சின் ஒலியளவைத்தான் அது குறைக்கிறது. மனநல ஆலோசனையும் அப்படியே. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சி.பி.டி. சிகிச்சையைத் தொலைபேசி வழியாகக் கொடுத்தே பலன் கிடைத்ததை 2019-இல் இன்னோர் இங்கிலாந்து ஆய்வு காட்டியது.

அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியை நாமே சின்னதாகத் தொடங்கலாம். கிளம்புமுன் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நான்கு முறை கழிவறைக்குப் போகிறவர் அதை மூன்றாக்கலாம், பிறகு இரண்டாக்கலாம். ரயிலை விட்டவர் கூட்டமில்லாத நேரத்தில் இரண்டே நிலையம் போய் இறங்கிப் பார்க்கலாம். ஸ்ரீ செத்தியாவில் கொமுட்டர் ஏறி ஜாலான் டெம்ப்ளர் வரை. அடுத்த வாரம் அங்காசாபுரி வரை. முறுக்கு வரும். வந்த முறுக்கு பல நேரம் தானாகவே அடங்கும் என்பதை உடம்பு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், சொல்லித் தெரிவதில்லை. பையில் மாற்று உடை, ஈரத் துடைப்பான், பேரங்காடிக் கழிவறைக்கு ஐம்பது காசு நாணயங்கள் இருக்கட்டும். இருக்கிற தைரியத்தில் பை திறக்கப்படாமலே வீடு திரும்பும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதை நான்கு வருடமாக விட்டுவிட்டதாக ஒரு தோழி சொன்னாள். 272 படிகள் அவளைப் பயமுறுத்தவில்லை. படியின் நடுவில், முன்னும் பின்னும் கூட்டம் நெருக்க நிற்கும் அந்த அரை மணி நேரம்தான் பயமுறுத்தியது. போன முறை அவள் தைப்பூசத்தன்று போகவில்லை. ஒரு வாரம் முன்னதாக, வார நாள் விடியற்காலையில் பால்குடம் எடுத்தாள். விரதச் சாப்பாடு வயிற்றுக்கும் ஒத்துக்கொண்டது என்றாள். முருகனுக்குத் தேதி முக்கியமில்லை என்று அவள் மாமியாரே சொல்லிவிட்டாராம். அந்த மாமியாரிடம் அவள் விஷயத்தைச் சொன்னது அதற்கு மூன்று நாள் முன்னால்தான்.

சொல்லிவிடுவது உதவுகிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். வீட்டில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர். மறைக்கிற வேலை பாதி குறைந்தாலே வயிற்றின் வேலை குறைகிறது. கணவரோ மனைவியோ செய்யக்கூடிய பெரிய உதவி, வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னால் ‘இப்பத்தானே போனே?’ என்று கேட்காமல் நிறுத்துவது.

வேலையிடத்தில் சட்டமும் கொஞ்சம் துணைக்கு வரும். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நெரிசலுக்கு முன்னால் வந்து முன்னால் போவது, கழிவறைக்குப் பக்கத்து மேசை, இரவு ஷிப்டை அடிக்கடி மாற்றாமல் இருப்பது போன்ற சின்னக் கோரிக்கைகளோடு மருத்துவரின் கடிதமும் இருந்தால் பல மனிதவளத் துறைகள் காது கொடுக்கும். சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் படுக்க வேண்டியிராத நோய்க்கு, சேவைக்காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். மாதம் இரண்டு எம்.சி. எடுத்து அதைத் தீர்த்துவிட்டு ஆண்டிறுதியில் தவிப்பதைவிட, அந்தக் கடிதம் மலிவு.

லைனில் நிற்கும் தங்கைமார் மேற்பார்வையாளரிடம் சொல்ல ஒரு மலாய் வாக்கியம் போதும். ‘சாயா அடா மசாலா உசுஸ், கெனா பெர்கி தண்டாஸ் செகெஜாப்.’ எனக்குக் குடல் பிரச்சினை, கொஞ்சம் கழிவறைக்குப் போய்வர வேண்டும் என்று அர்த்தம். நம் காதில் ‘மசாலா’ என்று விழும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.